உடையாத முட்டைக்குப் பரிசு வேண்டாம்

பொறியியல் கல்லூரி விழாக்களிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடங்களுக்கு வந்திருக்கும் போட்டி இது. ஒரு பச்சை முட்டை, அதற்கு மாணவர்களே செய்த பாதுகாப்புக் கூடு, பள்ளிக் கட்டடத்தின் மொட்டை மாடி. மேலிருந்து கூட்டைக் கீழே விடுவார்கள். தரையில் நிற்கும் ஆசிரியர் பிரித்துப் பார்ப்பார். முட்டை முழுசாக இருந்தால் கைதட்டல், கோப்பை, குழுப் படம். உடைந்திருந்தால் ‘அவுட்’, ஈரத்துணியால் தரையைத் துடைத்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிடுவார்கள்.

இந்தப் போட்டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் உள்ள ஒவ்வொரு பள்ளியிலும் இது நடக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். நான் மறுப்பது அதன் தீர்ப்பை. ‘உடையாத முட்டை ஜெயித்தது’ என்கிற ஒற்றை வரி விதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. அது ஒரு நல்ல பாடத்தைக் கெடுக்கிறது. சில சமயம் பாடத்துக்கு நேர் எதிரானதையே பிள்ளைகள் மனத்தில் பதியவைக்கிறது.

விதியை ஆதரிப்பவர்கள் மூன்று காரணம் சொல்வார்கள். முதலாவது, தெளிவு: ஓவியப் போட்டியிலும் பேச்சுப் போட்டியிலும் நடுவர்மேல் எழும் சந்தேகம் இதில் எழாது, உடைந்ததா இல்லையா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டாவது, பொறியியலில் விளைவுதான் பேசும்: நோட்டில் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும், விழுந்த பாலத்துக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். மூன்றாவது, பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மூன்றாவதை ஒப்புக்கொள்கிறேன். முதல் இரண்டும் சோதித்துப் பார்த்தால் நிற்காது.

தெளிவிலிருந்து தொடங்குவோம். இரண்டு குழுக்கள் இருக்கின்றன. முதல் குழுவின் கூடு, பத்து முறை போட்டால் ஏழு முறை முட்டையைக் காப்பாற்றும் தரம் உள்ளது. இரண்டாவது குழுவின் கூடு பத்துக்கு நான்கு முறைதான் காப்பாற்றும். எது நல்ல கூடு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் போட்டியில் இரண்டையும் ஒரே ஒரு முறைதான் போடுகிறார்கள். முதல் கூட்டில் முட்டை பிழைத்து இரண்டாவதில் உடைவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 42. இரண்டும் பிழைப்பதற்கோ இரண்டும் உடைவதற்கோ வாய்ப்பு 46. மட்டமான கூடு ஜெயித்து நல்ல கூடு தோற்பதற்கு 12. ஆக, சிறந்த வடிவமைப்பு தெளிவாக வெல்வது பாதிக்கும் குறைவான தடவைதான். பூவா தலையா போடுவதும் எல்லோரும் பார்க்கத் தெளிவாகத்தான் நடக்கிறது. அதை யாரும் தேர்வு என்று சொல்வதில்லை.

அதிலும் முட்டை, அச்சில் வார்த்தெடுத்த பொருள் கிடையாது. ஓட்டின் தடிமன் சுமார் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர், அதில் மிகப் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும், ஓடு மெலியும். வெயில் காலத்தில் இன்னும் மோசம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு கூடுதலாக வெளியேறிவிடுவதால், ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டுக்குத் தட்டுப்பாடு வருகிறது. சித்திரையில் இட்ட முட்டையும் மார்கழியில் இட்ட முட்டையும் ஒரே பலத்தில் இருக்காது. பண்ணையிலிருந்து கடைக்கு வரும் வழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்த முட்டை ஏதோ ஒரு குழுவின் கைக்குப் போய்ச் சேரலாம். அந்தக் குழு தோற்கும். அவர்களுடைய கூட்டைப் பற்றி அந்தத் தோல்வி எதுவும் சொல்லாது.

அதிர்ஷ்டத்தைத் தகுதியாகக் காட்டுவது இந்த விதியின் முதல் குற்றம். இரண்டாவது குற்றம் இதைவிடப் பெரியது. இந்த விதி பிள்ளைகளுக்குத் தப்பான இயற்பியலைக் கற்றுக்கொடுக்கிறது.

‘உடையக் கூடாது’ என்பது மட்டும்தான் கட்டளை என்றால் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: சுற்று, இன்னும் சுற்று. முட்டையைச் சுற்றிப் பஞ்சு, அதன்மேல் பபிள் ரேப், அதன்மேல் தெர்மகோல், அதன்மேல் அட்டைப்பெட்டி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ரோல் செல்லோடேப். 55 கிராம் முட்டைக்கு இரண்டு கிலோ பெட்டி. அது பிழைத்தும்விடலாம். எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் ‘நல்லா கெட்டியா கட்டினோம் சார்’ என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு நாம் கோப்பை கொடுத்து அனுப்புகிறோம்.

கெட்டி காப்பாற்றுவதில்லை. ஆறு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையை விட்டுவிட்டால், தரையைத் தொடும்போது விநாடிக்கு ஏறக்குறைய 10.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கு 39 கிலோமீட்டர். அந்த வேகம் எப்படியும் பூஜ்யமாகித்தான் ஆக வேண்டும். எவ்வளவு தூரத்துக்குள் பூஜ்யமாகிறது என்பதில்தான் முட்டையின் கதி இருக்கிறது. கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடியது: விழுந்த உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், முட்டை சராசரியாகத் தன் எடையைப் போல எத்தனை மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்பது தோராயமாக வந்துவிடும். ஆறு மீட்டர் விழுந்து ஒரு சென்டிமீட்டரில் நின்றால் 600 மடங்கு. 55 கிராம் முட்டைமேல் 33 கிலோ ஏறுகிறது. ஐந்து சென்டிமீட்டரில் நின்றால் 120 மடங்கு, 6.6 கிலோ. பத்து சென்டிமீட்டரில் நின்றால் 60 மடங்கு, 3.3 கிலோ. தட்டையான இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக நசுக்கினால் கோழி முட்டை நான்கு, நான்கரை கிலோ அளவில் உடைகிறது. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாலே கூட்டின் வேலை என்ன என்று புரியும். கூடு அந்தப் பத்து சென்டிமீட்டரைத் தர வேண்டும். அதற்குக் கூடு நசுங்க வேண்டும்.

நசுங்க மறுக்கும் பெட்டி முட்டைக்கு அந்தத் தூரத்தைத் தராது. மிகவும் மிருதுவான பஞ்சும் தராது. அது முதல் தொடுகையிலேயே முழுக்க அமுங்கி, மிச்ச வேகத்தோடு முட்டையைத் தரையில் மோதவிடும். எடையைக் கூட்டினால் அடிப்பகுதி அந்த மொத்த எடையின் ஆற்றலையும் வாங்க வேண்டியிருக்கும். சீக்கிரமே அடிமட்டம் தட்டிவிடும். துள்ளி எழும் ரப்பரும் நல்லதில்லை: பொருள் நின்றுவிடாமல் திரும்பி மேலே கிளம்பினால் உந்த மாற்றம் இன்னும் கூடுகிறது. நல்ல கூடு விழுந்த இடத்தில் ஒரே சீரான எதிர்ப்போடு, தன் தடிமனில் பாதிக்கு மேல் நொறுங்கி, நொறுங்கியபடியே கிடக்கும். பார்க்க அலங்கோலமாக இருக்கும். பெட்டி பளபளப்பாகத் தரையிறங்கியிருந்தால் அதன் பங்கு அடியையும் முட்டைதான் வாங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இது முட்டையோடு நின்றுவிடும் விஷயம் இல்லை. ‘அந்தக் காலத்து அம்பாசிடர் இரும்பு, இப்ப வர்ற காரு தொட்டாலே நசுங்குது’ என்று டீக்கடையில் பேசாத ஊர் நம்மிடம் கிடையாது. நசுங்குவதற்காகவேதான் அந்தக் காரைச் செய்கிறார்கள். முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கட்டும், ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி மட்டும் உறுதியாக நிற்கட்டும் என்ற எண்ணத்துக்கு, மெர்சிடிஸ் நிறுவனப் பொறியாளர் பெலா பாரன்யி 1952-லேயே காப்புரிமை பெற்றுவிட்டார். தலைக்கவசமும் அதே வழிதான். வெளி ஓடு அடியைப் பரவலாக்கும். உயிரைக் காப்பது உள்ளே இருக்கும் தெர்மகோல் அடுக்கு, அது நசுங்குவதால். ஒருமுறை பலமாக அடிவாங்கிய கவசத்தை மறுபடி போடக் கூடாது என்பதற்கும் காரணம் அதுதான்: நசுங்கிப்போன அடுக்கு இன்னொரு முறை நசுங்காது.

தலைக்கவசம் தேவையா என்று புதுச்சேரி பல ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறது. விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் போகும் நம் ஆட்களில் பலர், கவசம் வாங்கும்போது ஓட்டை விரலால் தட்டிப் பார்த்து ‘கெட்டியா இருக்கு’ என்று காசைக் கொடுக்கிறார்கள். உள்ளே எத்தனை சென்டிமீட்டர் நசுங்கும் என்று யாரும் விரலை விட்டுப் பார்ப்பதில்லை. இன்றைக்கு மொட்டை மாடியிலிருந்து முட்டை போடும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இன்னும் சில ஆண்டுகளில் பைக் ஓட்டும். ‘கெட்டியாக் கட்டினோம், ஜெயிச்சோம்’ என்ற நினைப்போடு அது சாலைக்குப் போவதும், ‘நசுங்கியதால் பிழைத்தது’ என்ற அறிவோடு போவதும் ஒன்றாகாது.

பாராசூட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பாதிக் குழுக்கள் அதைத்தான் நம்புகின்றன. மோதும் வேகத்தையே குறைப்பது நல்ல யோசனைதான். ஆனால் ஆறு மீட்டர் விழ ஆகும் நேரமே ஒரு விநாடிக்குச் சற்று அதிகம். அதற்குள் விரிய வேண்டும், நூல் சிக்கக் கூடாது, பிற்பகலில் வீசும் கடற்காற்று அதைச் சுவரில் கொண்டுபோய் மோதாமல் இருக்க வேண்டும். ஒற்றை வாய்ப்புப் போட்டியில் பாராசூட் குழு ஜெயித்தால், வடிவமைப்பு ஜெயித்ததா, அந்த நேரத்தில் காற்று அடங்கியிருந்தது ஜெயித்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இனி, ‘விளைவுதான் பேசும்’ என்ற வாதம். இதைச் சொல்பவர்கள் கடைசியில் சந்திரயானில் வந்து நிற்பார்கள்; நானும் அங்கேயே வருகிறேன். 2019 செப்டம்பர் 7-ஆம் நாள் அதிகாலை, சந்திரயான்-2 சுமந்துசென்ற விக்ரம் தரையிறங்கு கலம் நிலவில் மோதி அழிந்தது. நம் பள்ளி விதிப்படி அது ‘அவுட்’. துடைத்துவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட வேண்டியதுதான். இஸ்ரோ அப்படிச் செய்யவில்லை. கடைசி நிமிடங்களின் தரவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்தன, பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன, கலம் திரும்ப வேண்டிய வேகத்துக்கு மென்பொருள் வரம்பு போட்டிருந்தது, இறங்க வேண்டிய இடமோ 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்று குறுகலாக இருந்தது எனக் கண்டறிந்தார்கள். சந்திரயான்-3இல் கால்களைப் பலப்படுத்தினார்கள், விநாடிக்கு இரண்டு மீட்டர் வேகத்தில் தரை தொடலாம் என்றிருந்த தாங்குதிறனை மூன்று மீட்டராக உயர்த்தினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், இறங்கும் பரப்பை நான்கு கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெல்வது என்று தொடங்காமல், எதெல்லாம் தவறக்கூடும் என்பதிலிருந்து தொடங்கி வடிவமைத்தோம் என்று அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் விளக்கினார். 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் பத்திரமாக இறங்கியது.

அந்தத் திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி வரும் ரயில் பாதையில் வில்லியனூர் ஒரு நிலையம். தரையிறக்கத்தை ஒத்திகை பார்க்க, நிலவின் மண்ணைப் போன்ற மண்ணை இஸ்ரோ எடுத்தது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியிலிருந்து. முட்டைக்குப் பேர்போன அதே நாமக்கல். ஆக, விளைவுதான் பேசும் என்பது சரிதான். ஆனால் 2023-இன் விளைவு 2019-இன் உடைசலிலிருந்து வந்தது. முதல் வீழ்ச்சியோடு போட்டியை முடித்துக் கோப்பையைக் கொடுத்துவிடும் பள்ளி, பொறியியலின் பாதியை மட்டும் காட்டிவிட்டுத் திரையைப் போட்டுவிடுகிறது.

பொறியியல் வரலாற்றில் உடைந்த முட்டைக்கே ஓர் இடம் உண்டு. 1911-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு பண்ணைக்காரருக்கும் ஓட்டல்காரருக்கும், முட்டை உடைந்தே வந்துசேர்கிறது என்று ஓயாத தகராறு. அதைக் கேட்ட உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஜோசஃப் காய்ல், ஒவ்வொரு முட்டைக்கும் தனித்தனிக் குழி வைத்துக் காகிதத்தில் ஒரு பெட்டி செய்தார். இன்று உலகம் முழுவதும் கடைகளில் இருக்கும் முட்டைப் பெட்டியின் மூதாதை அது. உடையாத முட்டையை மட்டும் எண்ணிப் பணம் வாங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பெட்டி வந்திருக்காது.

இன்னொன்று, கொஞ்ச நாள் முந்தையது. முட்டையை நெட்டுவாக்கில் நிறுத்தினால் பலம் அதிகம், அப்படியே விழச்செய்வதுதான் நல்லது என்று ஆசிரியர்கள் காலம்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் வகுப்பறை முட்டைப் போட்டி நடத்திவந்த ஆய்வாளர்களுக்கே அதில் சந்தேகம் வந்தது. 180 முட்டைகளை 8, 9, 10 மில்லிமீட்டர் உயரங்களிலிருந்து, கூடு எதுவும் இல்லாமல், நெட்டையாகவும் கிடையாகவும் போட்டுப் பார்த்தார்கள். 2025-இல் முடிவு வெளிவந்தது: கிடையாக விழுந்த முட்டைகள்தான் அதிகம் பிழைத்தன. மெதுவாக நசுக்கும்போது இரண்டு நிலையிலும் உடையும் விசை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முட்டையின் நடுப்பகுதி கொஞ்சம் வளைந்துகொடுப்பதால், உடைவதற்கு முன் கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. கூட்டைப் பற்றி நாம் பார்த்த அதே பாடம், இங்கே ஓட்டிலேயே இருக்கிறது. உடைந்த முட்டைகளை எண்ணியதால்தான் இது தெரியவந்தது. பரிசளித்துக் கையைக் கழுவியிருந்தால், தலைமுறை தலைமுறையாகத் தவறையே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்திருப்போம்.

நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கண் வரும், பார்க்கவிட்டால். முட்டையின் அடியில் விரிசல் என்றால் கூடு அடிமட்டம் வரை அமுங்கிவிட்டது; தடிமன் போதாது அல்லது பொருள் மிகவும் மிருது. சிறிய வட்டமாகக் குழி விழுந்திருந்தால் ஏதோ ஒரு முனை முட்டையைக் குத்தியிருக்கிறது. அழுத்தத்தைப் பரப்ப ஏந்தல் வேண்டும். மேற்பக்கம் உடைந்திருந்தால் முட்டை உள்ளே எகிறி மூடியில் மோதியிருக்கிறது, இறுக்கம் போதவில்லை. பக்கவாட்டில் என்றால் கூடு சாய்ந்து விழுந்திருக்கிறது; எடை ஒரு பக்கம் கூடிவிட்டது. பிழைத்த முட்டை இதில் ஒன்றையும் சொல்லாது. எவ்வளவு நெருக்கத்தில் தப்பித்தது என்பதுகூட அதன்மேல் எழுதியிருக்காது. அதைத் தேர்ந்தெடுத்துக் கொண்டாடிவிட்டு, பேசத் தயாராக இருக்கும் உடைந்த முட்டையைத் துடைத்தெறிகிறோம்.

வேறு இரண்டு எதிர்ப்புகள் வரும். ஒன்று, முட்டை விரயம். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. புதுச்சேரியில் பள்ளி மதிய உணவு 1930-இல், பிரெஞ்சு நிர்வாகக் காலத்திலேயே தொடங்கியது. பசித்த வயிற்றோடு பாடம் நடத்த முடியாது என்பதை நெடுங்காலமாக அறிந்த மண் இது. அங்கே முட்டையைத் தரையில் அடித்து விளையாடினால் பாட்டிமார் கோபப்படுவது நியாயம். ஆகவே முதல் விதி: பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு வந்த முட்டையில் கை வைக்கக் கூடாது. இரண்டாவது: ஆரம்பச் சோதனைகளுக்கு முட்டையே தேவையில்லை. வில்லியனூர்ப் பக்கத்துக் களிமண்ணைப் பிசைந்து அதே 55 கிராமுக்கு உருண்டை பிடித்துக் கூட்டுக்குள் வைத்துப் போடுங்கள். விழுந்ததும் உருண்டையின் ஒரு பக்கம் தட்டையாகியிருக்கும். அந்தத் தட்டையின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்தால், எந்தக் கூட்டில் எவ்வளவு அடி விழுந்தது என்று ஒப்பிட்டுவிடலாம். முட்டை கடைசிச் சுற்றுக்கு மட்டும். அதையும் சிறிய பாலிதீன் பையில் போட்டுக் கட்டிவிட்டால், உடைந்தது அன்றைக்கே தோசைக்கல்லுக்குப் போய்விடும்.

இவ்வளவுக்குப் பிறகும் விரயம் என்பவர்கள், அதே விழாவுக்கு வாசலில் கட்டும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் பொன்னாடைகளுக்கும் ஆகும் செலவை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும். ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரிலிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்ததைப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. அந்தப் பாகூரில் பிள்ளைகளின் படிப்புக்காக முப்பது முட்டை கொண்ட ஒரு தட்டு அதிகச் செலவு என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்காது.

இரண்டாவது எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகள் 2023-24-இல் சி.பி.எஸ்.இ.க்கு மாறத் தொடங்கின. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்துக்கொண்டிருந்த கிராமத்துப் பிள்ளைகள் அந்த மாற்றத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது முட்டை விளையாட்டுக்கு நேரம் எங்கே என்கிறார்கள். அவர்கள் சுமை உண்மை. ஆனால் உடையாத முட்டைக்குக் கோப்பை என்ற வடிவத்தில் நடத்தினால்தான் அது நேர விரயம். சி.பி.எஸ்.இ. தேர்வில் இப்போது மனப்பாடத்தைவிட, படித்ததைப் புதிய சூழலில் பொருத்திப் பார்க்கும் கேள்விகளுக்கு எடை கூடியிருக்கிறது. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையை ஏன் பின்னுக்கு இழுக்கிறார், உயரம் தாண்டுபவர் விழும் இடத்தில் ஏன் மெத்தை போடுகிறார்கள் என்று விசையும் இயக்கமும் பாடத்தில் காலம்காலமாக வரும் கேள்விகளுக்கும் மேலே போட்ட வகுத்தல் கணக்குத்தான் விடை. அதைக் கைப்பட ஒருமுறை செய்த பிள்ளைக்கு நோட்ஸ் தேவைப்படாது. போட்டியைப் பாடமாக்கினால் நேரம் மிச்சமாகும்.

கிராமத்துப் பள்ளி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முட்டை உடையாமல் இருப்பது ஒன்றே குறி என்றால், டவுனுக்குப் போய்ப் பபிள் ரேப்பும் ஃபோமும் வாங்கிவரக்கூடிய வீட்டுப் பிள்ளை முன்னால் நிற்கும். பல நேரம் கூட்டைச் செய்வதே அப்பாவாகத்தான் இருக்கும். செலவுக்கு வரம்பு வைத்து, வகுப்பறையிலேயே செய்ய வேண்டும் என்றால் கதை மாறும். பாகூர், புதுச்சேரியின் நெற்களஞ்சியம். அங்கே வைக்கோலுக்குப் பஞ்சமா? மண்பாண்டங்களை வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் நடுவே வைக்கோல் திணிப்பது, சுடுமண் கலைக்குப் புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூரில் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத விஷயம். பக்கத்து மண்ணாடிப்பட்டு கொம்யூனின் திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்கிறார்கள்; அதற்கும் புவிசார் குறியீடு உண்டு. முட்டைத் தட்டும் காகிதக்கூழ்தான். பழைய செய்தித்தாளை ஊறவைத்து அரைத்து, கஞ்சி கலந்து, முட்டையின் வடிவத்துக்கே ஓர் ஏந்தல் வார்த்துவிட்டால், குத்தும் முனையே இல்லாமல் அழுத்தம் பரவும்.

இதைச் சொன்னதும் ‘நம்ம ஊர்ப் பொருள்தான் உசத்தி’ என்று கிளம்புபவர்களிடமும் எனக்கு உடன்பாடு இல்லை. வைக்கோல் என்பதற்காக அது முட்டையைக் காப்பாற்றாது. ஈர வைக்கோல் கனக்கும். இறுக்கித் திணித்தால் கட்டையாகிவிடும். தளர்வாகத் திணித்தால் அமுங்கிவிடும். நீளவாக்கில் அடுக்கியது ஒருவிதமாக நசுங்கும், குறுக்கே அடுக்கியது வேறுவிதமாக. தேங்காய் நார் துள்ளும். எந்த அடர்த்தியில், எந்தத் திசையில் அடுக்கினால் சீராக நசுங்குகிறது என்று களிமண் உருண்டையை வைத்து அளந்து கண்டுபிடிக்கும் குழுவைத்தான் பாராட்ட வேண்டும். ஊர்ப் பொருளைப் பயன்படுத்தியதற்காக மட்டும் மதிப்பெண் கொடுப்பதும் உடையாத முட்டைக்குக் கொடுப்பது போன்ற அதே சோம்பேறித்தனம்.

அப்படியானால் மதிப்பெண்ணை எப்படிப் போடுவது? நூறு என்று வைத்துக்கொள்வோம். போடுவதற்கு முன்பே, கூடு எங்கே எவ்வளவு நசுங்கும், முட்டை பிழைக்குமா என்று காரணத்தோடு எழுதிக்கொடுக்கும் கணிப்புக்கு 20. விழுந்த பிறகு கூட்டை அளந்து, நசுங்கிய தூரத்தையும் உடைந்த இடத்தையும் பதிவுசெய்வதற்கு 30. அந்தப் பதிவை வைத்துக் கூட்டை மாற்றி இரண்டாம் முறை போடுவதற்கு 30. எதை, ஏன் மாற்றினோம் என்று சொல்லத் தெரிய வேண்டும். கடைசியில் முட்டையின் நிலைக்கு 20, அதிலும் கூட்டின் எடை குறையக் குறையக் கூடுதல். மொத்த எடைக்கு ஒரு வரம்பு, வாங்கும் பொருளுக்கு ஒரு வரம்பு. உடைந்ததா இல்லையா என்ற ஆவலும் கூச்சலும் எங்கேயும் போய்விடாது. ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்ட மூன்றாவது காரணமும் இப்போது என் பக்கம் வந்துவிட்டது.

இந்த முறையில் நடுவருக்கு வேலை அதிகம் என்பதை மறுக்கவில்லை. முட்டையை எட்டிப் பார்த்துக் கையை உயர்த்துவதைவிட, ஒரு பிள்ளையிடம் ‘உன் கூடு இந்தப் பக்கம் ஏன் நசுங்கவில்லை?’ என்று கேட்டு அதன் பதிலைப் பொறுமையாகக் கேட்பது கடினம்தான். ஆசிரியரின் வேலையே அந்தக் கேள்வியைக் கேட்பதுதானே.

விதித்தாளில் மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. ‘முட்டை உடையாத குழு வெற்றி பெறும்’ என்பதை அடித்துவிட்டு, ‘ஏன் உடைந்தது, ஏன் உடையவில்லை என்று காட்டும் குழு வெற்றி பெறும்’ என்று எழுத வேண்டும். அதை எழுத மனம் வராத பள்ளி, இந்தப் போட்டியை அறிவியல் கண்காட்சியில் வைக்க வேண்டாம். ஆண்டு விளையாட்டு விழாவில் சாக்கு ஓட்டத்துக்கும் எலுமிச்சை-கரண்டி ஓட்டத்துக்கும் நடுவே தாராளமாக நடத்திக்கொள்ளட்டும். அங்கே யார் ஜெயித்தாலும் எவருக்கும் நஷ்டமில்லை.